தட்டிப் பார்க்கும் ஒளி

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டால் போதும், கூடுவாஞ்சேரியில் சாலையோரம் மண்பானைகள் வந்து வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். பானை வாங்க ஒரு பாட்டி வருகிறார், துணைக்கு பேத்தி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பேத்தி பொத்தேரி பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிப்பவள்.

பாட்டி எடுத்தவுடன் விலை கேட்பதில்லை. பானையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கை விரலை மடக்கி அதன் வயிற்றில் ஒரு தட்டு தட்டுகிறார். 'டப்' என்று சத்தம்.

"இது வேணாம்ப்பா. எங்கேயோ விரிசல் இருக்கு."

கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாட்டி அடுத்த பானையைத் தட்டுகிறார். 'டங்...' என்று மணி மாதிரி இழுத்து ஒலிக்கிறது. "இதைக் கொடு."

வீட்டுக்கு வந்து பானையை ஊற வைத்துவிட்டு பாட்டி செல்போனைக் கையில் எடுக்கிறார். சொந்தக்காரர்கள் குழுவில் காலையில் அவர் அனுப்பிய செய்தி இது: '2600 ஆண்டுகளுக்கு முன்பே நானோ டெக்னாலஜி கண்டுபிடித்த தமிழன்! கீழடிப் பானையில் அதிசயம்! உண்மைத் தமிழனாக இருந்தால் பகிரவும்!' அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள்.

பேத்தி படித்துவிட்டுச் சிரிக்கிறாள். "பாட்டி, இதுல பாதி உண்மை."

பாட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்கிறார்: "அப்ப எந்தப் பாதி பொய்?"

நல்ல கேள்வி. இந்த வாரம் அதற்குத்தான் பதில். பாட்டி பானையைத் தட்டினாரே, அந்தப் பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பாய் போலச் சுருட்டிய கரி

முதலில், அந்தச் செய்தி சொல்லும் 'நானோ' சமாசாரம் என்ன?

அடுப்புக்கரி, பென்சில் முனை, வைரம் மூன்றுமே கார்பன்தான். அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் தட்டையான தாள்களாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தாளும் தேனடை மாதிரி. ஊடு புள்ளி வைத்துப் போடும் கோலத்தில் அறுகோணங்கள் பக்கத்தில் பக்கத்தில் வருமே, அந்த வடிவம்.

அந்தத் தாளில் ஒன்றை எடுத்து, பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி ஓரங்களை ஒட்டிவிட்டால் கிடைப்பது கார்பன் நானோகுழாய். ஒரே பாயைச் சுருட்டினால் ஒற்றைச் சுவர்க் குழாய். ஒரு சுருளுக்குள் இன்னொரு சுருள், அதற்குள் மற்றொன்று என்று இருந்தால் பல சுவர்க் குழாய்.

அளவு? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ஒற்றைச் சுவர்க் குழாயின் குறுக்களவு பெரும்பாலும் ஒன்று, இரண்டு நானோமீட்டர்தான். நம் தலைமுடி அதைவிடப் பல்லாயிரம் மடங்கு தடிமன்.

இவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பல மடங்கு உறுதி. மின்சாரத்தையும் கடத்தும். பாயை எந்தச் சாய்வில் சுருட்டுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு குழாய் உலோகம் போல நடந்துகொள்ளும். இன்னொன்று செல்போன் சில்லில் இருக்கும் குறைக்கடத்தி போல நடந்துகொள்ளும். இன்று லித்தியம் பேட்டரிகளுக்குள்ளும் இதைக் கலக்கிறார்கள்.

1991-ல் ஜப்பானின் சுமியோ இஜிமா 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-லேயே ரஷ்ய விஞ்ஞானிகள் இருவர் இப்படிப்பட்ட குழாய்களைப் படம் பிடித்திருந்தார்கள். அப்போது அதைக் கவனித்தவர்கள் குறைவு.

சரி, இவ்வளவு சின்னப் பொருள் ஒரு பானை ஓட்டின் கருப்புப் பூச்சுக்குள் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கரி என்றால் எல்லாமே கருப்புதானே!

விரலுக்குப் பதில் வெளிச்சம்

பாட்டி செய்ததைத்தான் செய்ய வேண்டும். தட்ட வேண்டும். ஆனால் அணுவைத் தட்டுவதற்கு விரல் உதவாது. வெளிச்சத்தால் தட்ட வேண்டும். அந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் 1888-ல் திருச்சி அருகே பிறந்த சர் சி.வி.ராமன்.

ராமனுக்கு ஒளிக்கு முன்னால் பிடித்தது ஒலி. வீணை, வயலின், மிருதங்கம் என்று ஒவ்வொன்றும் ஏன் அப்படி ஒலிக்கிறது என்று ஆராய்ந்தவர். சாதாரணத் தோல் கருவியைத் தட்டினால் வெறும் இரைச்சல். மிருதங்கம் மட்டும் சுருதி சேர்ந்து பேசுவது எப்படி? வலந்தலையில் இருக்கும் அந்தக் கருப்பு வட்டத்தின் எடைதான் காரணம் என்பதை விளக்கி 1920-ல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரையும் எழுதினார்.

1921-ல் இங்கிலாந்து போய்விட்டுக் கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நீலம் கடலில் தெரிகிறது, அவ்வளவுதான் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராமனுக்கு அந்தப் பதில் போதவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று காட்டினார். அதோடு விடாமல், ஒவ்வொரு திரவமும் ஒளியை என்ன செய்கிறது என்று கல்கத்தாவில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். உடன் உழைத்தவர் கே.எஸ்.கிருஷ்ணன், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வத்திராயிருப்பில் பிறந்தவர்.

1928 பிப்ரவரி 28-ம் தேதி விடை கிடைத்தது. ஒரு பொருளின் மேல் ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் ஏறக்குறைய எல்லாமே அதே நிறத்தில்தான் வரும். ஆனால் கோடியில் ஒன்று என்ற கணக்கில், மிகச் சிறிய பங்கு மட்டும் நிறம் மாறி வரும். அந்த ஒளித்துகள், பொருளில் இருந்த அணுக்களைத் தட்டி அதிர வைத்திருக்கிறது. அதற்குச் செலவான சக்தி குறைந்துபோனதால் அதன் நிறம் சற்றே சிவப்புப் பக்கம் நகர்ந்துவிட்டது.

எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால் அந்த அணுக்கள் எந்த வேகத்தில் அதிர்ந்தன என்று தெரியும். அது தெரிந்தால், அவை என்ன அணுக்கள், எப்படிக் கோத்துக்கொண்டிருக்கின்றன என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி 'டங்'. 1930-ல் நோபல் பரிசு பெற்ற இந்த ராமன் விளைவின் நினைவாகத்தான் ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஐ தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.

ராமன் முதலில் பயன்படுத்தியது சூரிய வெளிச்சத்தை. 1960-ல் லேசர் வந்த பிறகு வேலை சுலபமாகிவிட்டது. இன்றைய ராமன் கருவியில் ஒரு நுண்ணோக்கி இருக்கும். அதன் வழியே பச்சை அல்லது சிவப்பு லேசரை, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள புள்ளியில் குவிப்பார்கள். சிதறி வரும் ஒளியைப் பிரித்தால், கணினித் திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரும். பொருளைப் பொடியாக்க வேண்டியதில்லை, அமிலத்தில் கரைக்க வேண்டியதில்லை. ஆனால் லேசரின் சக்தியை அளவோடு வைக்க வேண்டும். கூட்டிவிட்டால் கரி அந்த இடத்திலேயே சூடேறி மாறிப்போகும். மேலும், களிமண்ணும் மண்ணில் கலந்த மட்கும் லேசர் பட்டதும் தாங்களே ஒளிர ஆரம்பிக்கும். அந்த வெளிச்சத்தில் ராமன் சமிக்ஞை அமுங்கிப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொறுமை வேண்டிய வேலை.

கரி பேசும் மூன்று சுருதிகள்

கார்பனைத் தட்டும்போது முக்கியமாக மூன்று இடங்களில் காது வைக்கிறார்கள்.

முதல் இடம், திரையில் 1,580 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எழும் முகடு. அறுகோணக் கோலம் ஒழுங்காக அமைந்த கார்பன் இருந்தால் இது எழும். இதற்கு 'ஜி' முகடு என்று பெயர். பாட்டிக்குப் பிடித்த 'டங்' இதுதான்.

இரண்டாவது, 1,350 அருகே எழும் 'டி' முகடு. கோலத்தில் புள்ளி விட்டுப்போனாலும், கோடு அறுந்தாலும் இது எழும்பும். அதாவது, விரிசல் சத்தம். டி உயரமாகவும் ஜி குட்டையாகவும் இருந்தால் கார்பன் தாறுமாறாகக் கிடக்கிறது என்று அர்த்தம். இரண்டின் உயரத்தையும் ஒப்பிட்டே சரக்கின் தரத்தைச் சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவதுதான் நானோகுழாய்க்கே உரியது. ஒற்றைச் சுவர்க் குழாயைத் தட்டினால், அது முழுவதுமாக ஒரு முறை விரிந்து ஒரு முறை சுருங்கும். மூச்சு விடுவது போல! தட்டையான கிராஃபைட் தாளால் இப்படி மூச்சுவிட முடியாது, குழாயால்தான் முடியும். இந்தச் சத்தம் திரையின் கீழ்க்கோடியில், பெரும்பாலும் 100-லிருந்து 300 வரையிலான எண்களில் கேட்கும்.

இதில் ஒரு அழகு உண்டு. சின்ன மணி கீச்சென்று ஒலிக்கும், பெரிய மணி கனத்து ஒலிக்கும் அல்லவா? அதே போல, குழாய் ஒல்லியாக இருந்தால் எண் கூடும், பருத்தால் குறையும். ஏறத்தாழ 248-ஐ அந்த எண்ணால் வகுத்தால் குழாயின் விட்டம் நானோமீட்டரில் கிடைத்துவிடும். எண் 248 என்றால் ஒரு நானோமீட்டர். 124 என்றால் இரண்டு நானோமீட்டர். கண்ணால் பார்க்காத குழாயின் குறுக்களவை, அதன் சுருதியைக் கேட்டே சொல்கிறார்கள். இந்த வழியைத் திறந்துவிட்டது 1997-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு. அதில் முதல் பெயர் இந்திய வம்சாவளி விஞ்ஞானி அப்பாராவ் ராவுடையது.

கீழடி ஓட்டுக்குள்

இப்போது மதுரைக்குத் தென்கிழக்கே, சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் கீழடிக்குப் போவோம்.

2014-15-ல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது. 2017-18-லிருந்து தமிழகத் தொல்லியல் துறை தொடர்ந்தது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு ஒன்றை அமெரிக்க ஆய்வகம் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்து, காலம் கி.மு. 580 என்று சொன்னது. 2019 செப்டம்பரில் வெளியான அறிக்கையில் இந்த விவரம் வந்தபோது தமிழ்நாடே பேசியது நினைவிருக்கும்.

அங்கே கிடைத்த ஓடுகளில் கருப்பு-சிவப்புப் பானை ஓடுகள் ஏராளம். வெளியே சிவப்பு, உள்ளே கருப்பு. இரண்டு நிறம் எப்படி வந்தது? பானையைக் கவிழ்த்து, வாய்ப்பக்கம் தழை, உமி, சாம்பல் போன்றவற்றில் புதைந்திருக்கும்படி வைத்துச் சுட்டிருக்கிறார்கள் என்பது தொல்லியலாளர்கள் பரவலாகச் சொல்லும் விளக்கம். வெளிப்பக்கம் காற்று படுகிறது. களிமண்ணில் உள்ள இரும்பு துருப்பிடித்த நிறத்துக்கு மாறிச் சிவக்கிறது. உள்ளே காற்று இல்லை. தழை கருகிப் புகை உள்சுவரில் படிந்து கருப்பாகிறது. மூடி போட்டுக் கருக விட்ட சட்டி போலத்தான்.

சில ஓடுகளின் உள்சுவரில் ஒரு தனித்தன்மையான கருப்புப் பூச்சு இருந்தது. அதை வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் விஜயானந்த் சந்திரசேகரனும் உடன் ஆய்வாளர்களும் சோதித்தார்கள். தமிழகத் தொல்லியல் துறையும் அந்த ஆய்வில் பங்கெடுத்தது. 2020 நவம்பரில் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' என்ற ஆய்விதழில் முடிவு வந்தது: பூச்சுக்குள் ஒற்றைச் சுவர், பல சுவர் நானோகுழாய்களும், கார்பன் தாள்களும் இருக்கின்றன. ஒற்றைச் சுவர்க் குழாய்களின் சராசரி விட்டம் 0.6 நானோமீட்டர்.

இந்த 0.6 சாதாரண எண் இல்லை. இப்படிக் குழாயாகச் சுருட்டக்கூடிய மிகக் குறைந்த அளவே ஏறத்தாழ 0.4 நானோமீட்டர்தான். அதற்கும் கீழே போனால் பாய் முறிந்துவிடும். அவ்வளவு ஒல்லியான குழாய்கள் 2,600 ஆண்டுகள் மண்ணுக்குள் சிதையாமல் கிடந்திருக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று. அவர்கள் ராமன் சோதனையோடு நிறுத்தவில்லை. ஏனென்றால் ஜி முகடும் டி முகடும் சாதாரணப் புகைக்கரியிலும் வரும். அந்த இரண்டை மட்டும் வைத்து 'குழாய்' என்று சொல்லிவிட முடியாது. அதனால் எக்ஸ்-கதிரால் கார்பன் அணுக்களின் பிணைப்பைப் பார்த்தார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து நேரடியாகப் படமும் எடுத்தார்கள். தட்டிப் பார்த்தது, தடவிப் பார்த்தது, கண்ணால் பார்த்தது மூன்றும் ஒத்துப்போன பிறகே எழுதினார்கள்.

சூளைக்குள் குழாய் எப்படி உருவானது? பானையின் உட்புறம் பூசிய ஏதோ ஒரு தாவரச் சாறோ குழம்போ, சுடும் சூட்டில் கார்பனாக மாறும்போது உருவாகியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இன்றைய ஆய்வகங்களிலும் இதே மூன்று பொருள்கள்தான் வேண்டும்: கார்பன் தரும் ஒரு பொருள், நல்ல சூடு, வேலையைத் தூண்டிவிட இரும்பு போன்ற ஓர் உலோகம். சிவக்கச் சுடும் களிமண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை.

அப்ப எந்தப் பாதி பொய்?

இப்போது பாட்டியின் கேள்விக்கு வரலாம்.

கீழடி ஓட்டில் நானோகுழாய் இருப்பது உண்மை. ஆய்விதழில் வந்தது உண்மை. மனிதர் செய்த பொருளில் இவ்வளவு பழைய நானோ அமைப்பு அதற்கு முன் பதிவானதில்லை என்று ஆய்வாளர்கள் எழுதியிருப்பதும் உண்மை.

'நானோ டெக்னாலஜி கண்டுபிடித்தான்' என்பதுதான் இடிக்கிறது. தொழில்நுட்பம் என்றால், என்ன செய்கிறோம் என்று தெரிந்து, வேண்டும்போது வேண்டிய அளவில் செய்வது. கீழடிக் குயவர் தேடியது நானோகுழாயை அல்ல. நீர் கசியாத, பளபளப்பான, நீடித்து உழைக்கும் பானையை அவர் தேடியிருப்பார். குழாய் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

இது கீழடியில் மட்டும் நடந்ததும் இல்லை. 2006-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த பீட்டர் பாஃப்லர் குழு, 17-ம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கார்பன் நானோகுழாய்களைக் கண்டது. அந்த வகை வாள்களுக்கான உருக்கு போனது இந்தியாவிலிருந்து. தென்னிந்திய உருக்குக்கு அதில் பெரிய பெயர். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் அந்தக் காலத்து உருக்கு உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இரும்போடு ஆவாரை மரத்துண்டையும் எருக்க இலையையும் மூசைக்குள் வைத்து மூடிக் காய்ச்சுவார்கள் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. அங்கேயும் அதே மூன்று பொருள்கள்: தழை, தீ, இரும்பு.

இன்னும் ஒரு சேதி. 2004-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் எல்.இ.மர் என்ற விஞ்ஞானியின் குழு, சாதாரண எரிவாயு அடுப்புச் சுடரிலிருந்து வந்த துகள்களில் நானோகுழாய்களைப் பார்த்தது. பத்தாயிரம் ஆண்டு பழைய கிரீன்லாந்து பனிக்கட்டியிலும் அதே குழு பார்த்தது. அதாவது, தீ இருக்கும் இடத்தில் துளியளவு நானோகுழாய் இருக்க வாய்ப்பு உண்டு. கூடுவாஞ்சேரி சமையலறையிலும்தான்!

இதையெல்லாம் கேட்டதும் பாட்டியின் முகம் சுருங்கலாம். "அப்ப நம்மாளுக்கு இதுல ஒரு பெருமையும் இல்லையா?"

இருக்கிறது. காற்றில் பறக்கும் புகையில் துளி நானோகுழாய் இருப்பது வேறு. பானைச் சுவரோடு ஒட்டி, 2,600 ஆண்டு மழைக்கும் மண்ணுக்கும் ஈடுகொடுத்து நிற்பது வேறு. அப்படி ஒரு பூச்சைப் பூசவும், சூளைக்குள் எங்கே காற்று புக வேண்டும், எங்கே புகக்கூடாது என்று கட்டுப்படுத்தவும் கைப்பக்குவம் வேண்டும். கீழடி இருக்கும் அதே சிவகங்கை மாவட்டத்து மானாமதுரையில் இன்றும் கடம் செய்கிறார்கள். சுருதி சேரும்படி களிமண்ணைக் குழைத்து, தட்டித் தட்டிச் சுவரைச் சமன் செய்து, பதமாகச் சுட்டு எடுக்கிறார்கள். அவர்களிடம் போய் அணு அமைப்பைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் எந்தக் கடம் பேசும், எது பேசாது என்று தட்டியவுடன் சொல்லிவிடுவார்கள். காரணம் தெரிந்து செய்வது ஒரு அறிவு; பக்குவம் தெரிந்து செய்வது இன்னொரு அறிவு. இரண்டாவதைப் பாராட்ட, அதை முதலாவதாக மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பக்குவம் விட்டுச்சென்ற தடயத்தைப் படிக்கும் கருவியின் பெயரிலேயே ஒரு தமிழர் இருக்கிறார். கீழடிக் குயவரின் வேலையைத் திருச்சிக்காரரின் ஒளி தட்டிப் பார்த்திருக்கிறது. பகிர வேண்டிய செய்தி என்றால் அதைப் பகிரலாமே!

நம் காலடியில்

கீழடி தூரம் என்று நினைக்க வேண்டாம். கூடுவாஞ்சேரி வழியாகப் போகும் அதே ரயில் பாதையில், தாம்பரத்தைத் தாண்டி இருக்கும் பல்லாவரத்தில்தான் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். பழைய சுடுமண் ஈமப்பேழைகளும் பல்லாவரம் பகுதியில் கிடைத்திருக்கின்றன. தெற்கே மதுராந்தகம் பக்கம் சானூரில் 1950களின் தொடக்கத்தில் மத்தியத் தொல்லியல் துறை பெருங்கற்கால ஈமக்குழிகளைத் தோண்டியபோது, கீழடியில் வந்த அதே கருப்பு-சிவப்பு வகைப் பானைகள் கிடைத்தன.

இன்று தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை இந்த மண்ணைத்தான் மனை போட்டு, அடுக்குமாடி கட்டத் தோண்டிக்கொண்டிருக்கிறோம். கடைக்கால் தோண்டும்போது வெளியே சிவப்பும் உள்ளே கருப்புமாக ஒரு ஓடு வந்தால் பெரும்பாலும் என்ன நடக்கும்? மண் லாரியில் போய்விடும். ஆசைப்பட்டு யாராவது எடுத்தாலும், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாத்திரம் தேய்க்கும் நாரும் சோப்புத் தூளும் போட்டுப் பளிச்சென்று தேய்த்து, அலமாரியில் வைப்பார்கள்.

அந்தத் தேய்ப்பில்தான் எல்லாம் போகிறது. ராமன் கருவி படிக்க வேண்டிய கதை உள்சுவரில் படிந்த மெல்லிய கருப்புப் படலத்தில் இருக்கிறது. அதற்குள் உணவின் எச்சம், எண்ணெய், கரி என்று எதுவும் இருக்கலாம். தேய்த்த பிறகு மிஞ்சுவது வெறும் சுட்ட மண்.

ஓட்டை எடுத்த இடமும் முக்கியம். கீழடியின் கி.மு. 580 என்ற காலம் அந்தக் கருப்புப் பூச்சைச் சோதித்து வந்ததல்ல. ஆழத்து மண் அடுக்கில் கிடைத்த கரியைச் சோதித்து வந்தது. எந்த ஆழம், பக்கத்தில் என்ன கிடைத்தது என்பது தெரியாவிட்டால், எவ்வளவு நல்ல ஓடாக இருந்தாலும் அதற்கு வயது சொல்வது கடினம்.

எனவே, அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் கழுவ வேண்டாம், ஒட்ட வேண்டாம், மொத்தமாக அள்ளி மூட்டை கட்ட வேண்டாம். இருந்த இடத்திலேயே செல்போனில் படம் எடுத்து, எத்தனை அடி ஆழம் என்று குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ சொல்லலாம். மண்ணுக்குள் கிடைக்கும் புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1878-லிருந்தே இருக்கிறது. தங்கக் காசு மட்டும்தான் புதையல் என்று நினைப்பது நம் பழக்கம். கீழடியில் ஒரு ஓட்டின் உள்ளே இருந்த கரிதான் உலக ஆய்விதழ் வரை போனது.

இதையெல்லாம் கேட்டு முடித்த பாட்டி என்ன செய்வார்? செல்போனை எடுக்கிறார். தட்டச்சு செய்ய விரல் வராது என்பதால், குரல் பதிவு பொத்தானை அழுத்துகிறார்.

"எல்லாருக்கும் ஒரு விஷயம். காலையில நான் அனுப்பினதுல பாதிதான் சரியாம். நம்மாளுங்க கண்டுபிடிக்கல, ஆனா நல்லா பானை செஞ்சிருக்காங்க. அது உள்ள என்ன இருக்குன்னு நம்ம ராமன் வெளிச்சத்தால தட்டிப் பார்த்துச் சொல்லியிருக்காங்க. வீடு கட்டறவங்க பழைய ஓடு கிடைச்சா கழுவாதீங்க. அவ்வளவுதான்."

அனுப்பிவிட்டு, ஊற வைத்த பானையின் தண்ணீரைக் கொட்டுகிறார். ஈரப் பானையை ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, நல்ல தண்ணீர் நிரப்பி மூலையில் மணல் மேல் வைக்கிறார்.